ஞாயிற்றுக்கிழமை வாசித்த பெயர்கள்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைப் பக்கம் ஏறும் மலையில் ஒரு தோட்டத்தில் பதினோரு வருடம் மருந்துக்காரனாக இருந்தேன். பதவியின் பெயர் டிஸ்பென்சர். சனங்கள் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். இது நடந்தபோது இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. மேலே தேயிலை, கீழே கொக்கோவும் மிளகும், நடுவில் தகரக் கூரை போட்ட எங்கள் ஆஸ்பத்திரி. ஆண்களுக்கு ஆறு கட்டில், பெண்களுக்கு ஆறு கட்டில், இரண்டுக்கும் இடையில் மருந்தறை, முன்னால் நீளமான வராந்தா.

அந்த வராந்தாவில் ஞாயிறு தோறும் காலையில் ஜெபம் நடக்கும். நடத்துகிறவர் பெரிய கிளாக்கர், ஒவீஸ் என்று நாங்கள் சொல்லும் தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி அவர் சொல்தான். உயரமான மனிதர், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, தொண்டை நல்ல கனம். அவர் ஜெபம் சொன்னால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஐந்தாம் நம்பர் வரைக்கும் கேட்கும். தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆறோ ஏழோதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி முற்றம் நிறைந்திருக்கும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கிளாக்கர் பார்ப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். லீவுக்கும் லொறிக்கும் கடிதத்துக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு நெற்றித் திருநீறு அழியாமல் வந்து நின்று, அவர் நிறுத்தும் இடங்களில் ஆமென் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து, கையில் இருக்கும் அரைத்தாளைப் பார்த்து நோயாளிகளின் பெயர்களை வாசிப்பார். பெயர், லயத்து நம்பர், நோய். "இரண்டாம் லயத்து இன்னாருக்கு வயிற்றுக்கடுப்பு, ஆண்டவரே, உம்முடைய கரத்தால் தொடும்." இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர். மூல வியாதிக்காரன் தலையைக் குனிந்துகொள்வான். இளவட்டங்கள் சிரிப்பை அடக்குவார்கள்.

அந்த அரைத்தாளில் இருந்தது என் கையெழுத்து. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்டார், எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு சனிக்கிழமை பின்னேரம் ஒவீஸ் பியோன் வந்து நிற்பான், நான் ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதிக் கொடுப்பேன். மனதுக்குள் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன், ஆனால் ஒரு வாரமும் தவறவில்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கண்டி ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தபோதே அது போய்விட்டது. ஒரு மழைக்காலம் முழுக்கக் குழந்தைகள் வார்டில் நின்றேன். வயிற்றோட்டத்தில் வற்றிப்போன பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு பிள்ளையின் கையில் மந்திரித்த கயிறு, ஒன்றின் கழுத்தில் சிலுவை, ஒன்றின் இடுப்பில் தாயத்து, இன்னொன்றின் மணிக்கட்டில் புத்த பன்சாலையில் கட்டிய பிரித் நூல். நேரத்தோடு சேலைன் ஏறிய பிள்ளை பிழைத்தது. பிந்தி வந்தது பிழைக்கவில்லை. கயிற்றுக்கும் சிலுவைக்கும் அதில் ஒரு வேலையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாய்மார் மேல் எனக்கு எப்போதும் கோபம் வந்ததில்லை. அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. கும்பிடுவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று கும்பிடுகிறவர்களைக் கண்டால்தான் பொறுக்காது. பெரிய கிளாக்கரை நான் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

அதற்குக் காரணமும் இருந்தது. எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று ஞாயிற்றுக்கிழமை கண்ணீர் வர ஜெபிப்பார். திங்கட்கிழமை ஒவீசுக்குப் போகிறவர்கள் படிக்குக் கீழே, ஜன்னலுக்கு வெளியே, வெயிலிலும் மழையிலும் நின்றுதான் பேச வேண்டும். அவர் வீட்டில் லயத்து ஆட்களுக்கென்று ஒரு தகரக் குவளை தனியாக ஆணியில் தொங்கும். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குத் துடிக்கும் பெண்ணை மாத்தளைக்குக் கொண்டுபோக லொறி வேண்டும் என்று நான் ஆள் அனுப்பினால், துரை தூங்கினாலும் விழித்திருந்தாலும் இவரே பங்களாவுக்குப் போய் நின்று வாங்கி வந்துவிடுவார். இரண்டும் ஒரே ஆள்தான்.

ஒரு தை மாதம் நாலாம் லயத்துப் பெண் ஒருத்தி இருமலோடு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. தங்கச்சியைத் தன்னோடு வைத்து வளர்த்தவள். கொழுந்து எடுப்பதில் அவளை யாரும் முந்த முடியாது என்று கணக்கப்பிள்ளையே சொல்லுவார். சளியில் இரத்தம் கண்டதும் கண்டிக்கு அனுப்பினேன். படம் எடுத்துப் பார்த்து சயரோகம் என்றார்கள். அங்கே கட்டில் இல்லை, ஊசியைத் தோட்டத்திலேயே போடுங்கள் என்று கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். தினமும் ஊசி, மூன்று மாதத்துக்கு. பிறகு மாத்திரை. காலையில் வரிசையில் வந்து போட்டுக்கொண்டு போனாள். என்ன ஊசி என்று கேட்டவர்களிடம் சத்து ஊசி என்று சொல்லியிருந்தாள்.

அந்த வாரச் சனிக்கிழமை நான் எழுதிய தாளில் அவள் பெயரும் இருந்தது. யோசித்து எழுதவில்லை, விட்டுவிடலாமே என்றும் தோன்றவில்லை. வழக்கம்போல் ரெஜிஸ்டரில் இருந்ததை அப்படியே இறக்கி எழுதினேன்.

ஞாயிறு காலை மருந்தறைக்குள் போத்தல் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பெயரும் லயத்து நம்பரும் சயரோகம் என்ற சொல்லும் அந்தக் கனத்த குரலில் வெளியே கேட்டன. முற்றத்தில் யாரும் ஆமென் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் ஊசிக்கு வரவில்லை. செவ்வாய், புதன், அப்புறமும் வரவில்லை. வார்டில் வேலை செய்யும் அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். பீலியில் தண்ணீர் பிடிக்க அவளைக் கடைசியாக வரச் சொல்லிவிட்டார்களாம். கொழுந்து மலையில் பக்கத்து நிரையில் நிற்க ஆள் இல்லையாம். தங்கச்சிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பேசி வைத்திருந்த கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

நேரே ஒவீசுக்குப் போனேன். நான் உத்தியோகத்தன் என்பதால் உள்ளே போய் நாற்காலியில் உட்கார முடியும். நடந்ததைச் சொன்னேன்.

"ஜெபம் பண்ணினது தப்பா, டாக்டர்?" என்று கேட்டார்.

"ஜெபத்தைச் சொல்லல. பேரச் சொன்னது தப்பு."

"ஆண்டவருக்கு அவ பேரு தெரியாதா என்ன?"

"அவருக்குத் தெரியும்னா நீங்க எதுக்கு வாசிச்சுக் காட்டணும்? கேட்டுக்கிட்டு நின்னது அவரு இல்லையே, தோட்டத்துச் சனம்தானே. நான் மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவன். கதவைச் சாத்திக்கிட்டு ஜெபிக்கச் சொன்னது உங்க ஏசுதான். முற்றத்துல நின்னு ஜெபிக்கச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல."

அவர் முகம் சிவந்தது. மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடினார். பிறகு, சத்தம் கூட்டாமல் கேட்டார்.

"அந்தப் பேர எனக்கு எழுதிக் கொடுத்தது யாரு, டாக்டர்?"

எழுந்து வந்துவிட்டேன். வழி நெடுக அவர் மேல் கோபப்பட முயன்று பார்த்தேன். முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் என்ன செய்தேன் என்றால், பியோன் வந்ததும் மறுபடியும் பெயர்களை எழுதினேன். எல்லாப் பெயருக்கும் நேரே காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். தர முடியாது என்று சொல்லும் தைரியம் இருக்கவில்லை. அந்த ஞாயிறு எங்கள் தோட்டத்தில் காய்ச்சலைத் தவிர வேறு நோயே இல்லை. கிளாக்கர் அதை முகம் மாறாமல் வாசித்தார். அடுத்த வாரங்களிலும் அப்படியேதான்.

மறுநாள் ஊசியும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு நாலாம் லயத்துக்குப் போனேன். அவள் தன் லயத்து அறையான காம்பராவுக்கு வெளியே வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க வந்துட்டுப் போனா இன்னும் நாலு பேருக்குத் தெரியும். போயிருங்க, டாக்டரய்யா."

"ஊசிய நிறுத்தினா செத்துப் போவீங்க."

"எல்லாரும் என்னைச் செத்தவளாத்தான் பார்க்கிறாங்க."

அவள் தங்கச்சி உள்ளே இருந்து அழும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுத்தான் அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். கடைசியில், பகல் சாப்பாட்டு நேரத்தில், ஆஸ்பத்திரியில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது பின்வாசல் வழியாக வருவதாக ஒத்துக்கொண்டாள். அன்று அவளிடம் சொன்னேன், அந்தத் தாளை எழுதியது நான்தான் என்று.

"தெரியும். பியோன் சொன்னான்."

"தெரிஞ்சுமா வர ஒத்துக்கிட்டீங்க?"

"ஊசி உங்ககிட்டதானே இருக்கு," என்றாள்.

அவள் மன்னித்தாள் என்றும் சொல்ல முடியாது, மன்னிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு தினமும் பகல் பன்னிரண்டரைக்கு வந்து, பின்வாசலில் கிடந்த மருந்துப் பெட்டி மேல் உட்கார்ந்து, கையை நீட்டிவிட்டுப் போனாள்.

பங்குனி மாதம். பெரிய கிளாக்கருக்கு ஒரே மகள். கொழும்புப் பக்கம் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தவள் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். களைப்பு, ஓய்வு வேண்டும் என்று அந்த வீட்டில் சொன்னார்கள். அவளை ஜெபத்துக்குக்கூட வெளியே காணவில்லை.

ஒரு நாள் பகல் பன்னிரண்டரைக்கு நான் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் லயத்துப் பெண் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். பின்வாசலுக்கு வரும் கொக்கோ மரத்தடிப் பாதையில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. பெரிய கிளாக்கர். பக்கத்தில் மகள், சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தியபடி. அவர் கையில் கொழும்பு டாக்டர் கொடுத்த கடிதம். பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்தப் பிள்ளை படியேறும்போதே இருமினாள். அந்த இருமல் எனக்குத் தெரியும். பெட்டியில் உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரியும்.

நாலாம் லயத்துப் பெண் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றாள். கிளாக்கர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் போகவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை. குடையை மடக்கக்கூட மறந்துவிட்டார்.

"உக்காருங்கம்மா, மூச்சு வாங்குது பாருங்க," என்று அவள் அந்தப் பிள்ளைக்குப் பெட்டியைக் காட்டினாள்.

பிள்ளை உட்கார்ந்தாள். பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கி, "நீங்களும் உக்காருங்க அக்கா, இடம் இருக்கு," என்றாள்.

அவள் உட்காரவில்லை. என் பக்கம் திரும்பி, "டாக்டரய்யா, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்," என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அந்த வீட்டுக்கு ஒரு தைரியம் கொடுப்பதற்காகத்தான் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொன்னதே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான். ஆனால் கிளாக்கர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

அவள் ஊசி போட்டுக்கொண்டு போனபின் அவர் என்னிடம் கேட்டார், "ரெஜிஸ்டர்ல பேர் எழுதாம இருக்க முடியுமா, டாக்டர்?"

இந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நாள் வந்தால் என்னவெல்லாம் சொல்லலாம் என்று நான் முன்பே பல தடவை மனதுக்குள் பேசி வைத்திருந்தேன். எதிரே நின்றது பயந்துபோன ஒரு தகப்பன். கோட்டின் கழுத்துப் பட்டன் மாறிப் போட்டிருந்தது. பேசி வைத்ததை விட்டுவிட்டு ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினேன்.

"ரெஜிஸ்டர்ல எழுதியே ஆகணும். மாத்தளையில இருந்து ஊசி வர்றதே அதப் பார்த்துத்தான். ஆனா அது இந்த அறையை விட்டு வெளிய போகாது. இனிமே சனிக்கிழமை பியோனை அனுப்பாதீங்க. உங்க மக பேரு மட்டும் இல்ல, யார் பேரும் தரமாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார்.

மறுநாளும் அந்த இரண்டு பேரும் பின்வாசலில் சந்தித்தார்கள். அடுத்த நாளும். அந்தப் பிள்ளை ஓயாமல் பேசுகிறவள். இவள் வாயைத் திறப்பதே அபூர்வம். ஏன் பின்வாசலில் வருகிறீர்கள் என்று பிள்ளை கேட்டிருக்கிறாள். முதலில் சொல்லவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சொல்லிவிட்டாள். நான் ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் பேச்சு சட்டென்று நின்றதும் திரும்பிப் பார்த்தேன். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

அன்று பின்னேரம் தகப்பனிடம் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை என் பேரையும் வாசிங்கப்பா. வாசிக்க முடியலன்னா, இனிமே யார் பேரையும் வாசிக்காதீங்க." அவர் சாப்பிடாமல் எழுந்து போனாராம்.

ஞாயிறு காலை முற்றம் வழக்கம்போல் நிறைந்திருந்தது. நான் மருந்தறை வாசலில் நின்றேன். கிளாக்கர் வந்தார். கையில் தாள் இல்லை. கண்ணை மூடினார். சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில், "நோயில இருக்கிற எல்லாரையும் காப்பாத்தும், ஆண்டவரே," என்றார். லயம் வரைக்கும் அல்ல, முற்றத்தின் கடைசி வரிசைக்கே கேட்டிருக்காது. ஆமென்கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் முதல் ஜெபம் அவர் வீட்டு முன்னறைக்கு மாறியது. வேண்டியவர்கள் வரலாம் என்று சொல்லி அனுப்பினார். வந்தது அந்த ஆறேழு குடும்பங்கள்தான்.

அவர் கண்ணை மூடி நின்ற அந்த நேரத்தில் நடந்தது வெளிவேஷம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. மேலே இருந்து யாரும் கேட்கவில்லை என்று நான் நம்புகிறேன். அன்றும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அவர் யாரோ ஒருவரிடம் பேசத்தான் நின்றார். அதைப் பார்த்து ஏளனம் செய்ய என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை, மருந்துக்கு ஆட்கள் வரிசையாக நிற்கும் நேரத்தில், கிளாக்கரின் மகள் முன்வாசல் வழியாக வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு கைக்குட்டை. அவளுடன் நாலாம் லயத்துப் பெண். எப்படி அவளை இழுத்து வந்தாளோ தெரியாது, அவள் முகத்தில் இஷ்டமே இல்லை. இரண்டு பேரும் வராந்தா வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கு என்ன ஊசிங்கம்மா?" என்று வரிசையில் நின்ற ஒரு கிழவி கேட்டாள்.

"இந்த அக்காவுக்குப் போடுற ஊசிதான் பாட்டி, எனக்கும்," என்றாள் பிள்ளை.

வரிசை கொஞ்சம் பின்னுக்குப் போனது. இருவரையும் சுற்றி இடம் விட்டது. பிள்ளை கைக்குட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் எழுந்து போகவில்லை. ஒவீஸ் ஜன்னலிலிருந்து வராந்தா நன்றாகத் தெரியும். அன்று வெகு நேரம் அந்த ஜன்னலில் ஒரு வெள்ளைக் கோட்டு தெரிந்தது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. பீலியில் பெண்கள் முகம் கொடுக்க மூன்று மாதம் ஆனது. சிலர் கடைசிவரை கொடுக்கவில்லை. தங்கச்சியின் கல்யாணம் போனது போனதுதான். அடுத்த வருடம் கலேவெலப் பக்கம் தோட்டம் செய்யும் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அக்காவின் நோயைப் பற்றி முன்பே சொல்லித்தான் பேசினார்கள். வைகாசியில் இரண்டு பேரையும் கண்டிக்கு அனுப்பி மறுபடி படம் எடுத்தோம். பிள்ளைக்கு நன்றாக ஆறியிருந்தது. இவளுக்கு ஒரு பக்க நெஞ்சு பழுதுதான், ஆனால் உயிருக்குப் பயமில்லை என்றார்கள். மலை ஏறக்கூடாது என்பதால் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் தேயிலை பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். கிளாக்கர் சொல்லித்தான் கொடுத்தார்கள் என்று பின்னால் அறிந்தேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நீங்கள் சொல்லிவிடுகிறீர்களா என்று என்னிடம் கேட்டார் அவர். என் பங்கை நான் சொல்லிவிட்டேன், உங்கள் பங்கை நீங்களே சொல்லுங்கள் என்றேன். ஒரு நாள் அவள் ஏதோ கடிதத்துக்காக ஒவீசுக்குப் போய் ஜன்னலுக்குக் கீழே நின்றபோது, அவர் எழுந்து படியிறங்கி வெளியே போனாராம். மற்றக் கிளாக்கர்கள் எல்லாம் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்களாம். அவர் தெரியாமல் செய்துவிட்டேன் என்றாராம். அவள், "எம் பேர இனிமே எங்கயும் சொல்லாம இருந்தாப் போதும், ஐயா," என்றாளாம். அவர் சரி என்றாராம். பிறகு அவள் வந்த காரியத்தைக் கேட்டு, கடிதத்தைத் தானே எழுதிக் கொடுத்தாராம்.

அவர் வீட்டுத் தகரக் குவளை ஆணியில்தான் தொங்கியது. சில விஷயங்களில் அவர் மாறவில்லை. நானும் அதைப் பற்றி அவரிடம் ஒருபோதும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெற்றுப் போகும் வரை நாங்கள் இருவரும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒன்றாக பஸ்ஸில் மாத்தளைக்குப் போவோம். அவர் வேதக் கோயிலுக்கு, நான் கடைத்தெருவுக்கு. ஒருமுறை திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் நல்ல மழை. இரண்டு பேரும் ஒரு சாப்புக் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். வாசலில் மிளகு மூட்டைகளுக்குக் கடைக்காரர் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் நம்பாம எப்படி டாக்டர் இருக்கீங்க?" என்று கேட்டார். வம்புக்குக் கேட்கவில்லை.

"பழகிருச்சு. சில நேரம் கஷ்டமாத்தான் இருக்கு," என்றேன். அப்படி நான் வேறு யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

அவர் நனைந்த குடையை உதறினார். பிறகு, "உங்களுக்காக ஜெபம் பண்றேன்னு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?" என்றார்.

"சத்தமாவா?"

"இல்ல."

"அப்பப் பரவாயில்ல," என்றேன்.

ரத்தோட்டை பஸ் வந்தது. அவருடைய குடைக்குள் இரண்டு பேரும் ஓடிப்போய் ஏறினோம்.